பெரிய ஜீப்பில் தங்கம் எது, செய்கூலி எது?

“மருமகன், இது வாகனம் இல்லை, காணி. விலை இறங்கவே இறங்காது.”

பெரிய ஜீப் ஒன்று வாங்க வேண்டும் என்று புறப்பட்ட நாளில் என் மாமா என்னிடம் சொன்னது இது. கொழும்பு செட்டியார் தெருவில் நகைக் கடை வைத்திருப்பவர் அவர். பழைய நகையை விற்க வருபவருக்குத் தங்கத்தின் எடைக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும், செய்கூலி போனது போனதுதான், பதித்த கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள் என்பதை ஒவ்வொரு நாளும் பிறருக்கு எடுத்துச் சொல்பவர். அப்படிப்பட்டவர் ஜீப் விடயத்தில் மட்டும் முழு எடையையும் தங்கம் என்று நம்பியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “ஜீப்பிலும் தங்கம் இருக்கிறது, செய்கூலி இருக்கிறது, கல்லும் இருக்கிறது மாமா. பிரித்துப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுப்போம்” என்றேன். அடுத்த சில வாரங்கள் நாங்கள் இருவரும் அதைத்தான் செய்தோம். இந்த வகை வாகனங்களைப் பற்றி அதிகம் தெரியாமல் முதல் தடவை வாங்க நினைப்பவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

எதைப் பெரிய ஜீப் என்கிறோம்

இலங்கையில் உயரமாக நிற்கும் எந்த வாகனத்துக்கும் ஜீப் என்றுதான் பெயர். எஸ்யூவி என்று விளம்பரங்களில் வரும் இந்த வகைக்குள் அளவுப் பிரிவுகள் உண்டு. ‘ஃபுல் சைஸ்’ என்ற பிரிவு அமெரிக்காவில் பிறந்தது. ஷெவர்லே டாஹோ, ஃபோர்ட் எக்ஸ்பெடிஷன் போன்றவை 5.3 மீற்றர் அளவு நீளமானவை. ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள அந்த வாகனங்களுக்கு நம் வீதிகளில் வேலை இல்லை. கொழும்பில் அந்த இடத்தைப் பிடித்திருப்பவை டொயோட்டா லேண்ட் குரூஸர், அதன் சொகுசு உறவான லெக்சஸ் எல்எக்ஸ், நிசான் பட்ரோல், ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர் ஆகியன. அவற்றுக்கு ஒரு படி கீழே பிராடோவும் மொண்டெரோவும் நிற்கின்றன. பல நாடுகளில் மிட்சுபிஷி பஜேரோ என்று ஓடியதைத்தான் இங்கே மொண்டெரோ என்கிறோம்.

இவற்றைப் பிரிக்கும் முதல் கோடு உடலமைப்பு. லேண்ட் குரூஸர், பிராடோ, பட்ரோல் ஆகியவற்றின் அடியில் ஏணியைப் போன்ற கனமான இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. அதுதான் சேசிஸ். மேலே உள்ள உடல் தனியாகச் செய்யப்பட்டு அதன்மீது பொருத்தப்படுகிறது. இன்றைய டிஃபெண்டரிலும் ரேஞ்ச் ரோவரிலும் உடலே சட்டமாகவும் இருக்கிறது. மொண்டெரோ 1999 இல் வந்த தலைமுறையிலிருந்து உடலுக்குள்ளேயே சட்டத்தைச் சேர்த்துக் கட்டப்பட்டது. காலி வீதியில் ஓடுவதற்கு உடலே சட்டமான வாகனம் மென்மையானது, ஆட்டம் குறைவானது. ஆனால் இருபது ஆண்டு பழைய வாகனத்தைத் திருத்தி ஓட்டும் நம் நாட்டில், கராஜ் பாஸ்மார் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது ஏணிச் சட்டத்தைத்தான். அந்த நம்பிக்கை நியாயமானதா என்று விவாதிக்கலாம். விலையில் அது இருக்கிறது என்பதில் விவாதமில்லை.

‘விலை இறங்காது’ என்ற கணக்கு

மறுவிற்பனைப் பெறுமதி என்பது எளிய சொல். இன்று கொடுத்த விலையில் எவ்வளவு பங்கு, விற்கும் நாளில் கைக்குத் திரும்பி வருகிறது என்பதுதான் அது. பலர் இதை வீதத்தில் மட்டும் பார்க்கிறார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

கணக்குப் பார்ப்பதற்காக இரண்டு ஜீப்புகளை நாமே கற்பனை செய்துகொள்வோம். முதலாவது 4 கோடி ரூபாய். ஐந்து ஆண்டு கழித்து 3 கோடி 20 இலட்சத்துக்கு விற்கிறது. 80 வீதம் திரும்பி வருகிறது. இரண்டாவது 2 கோடி. ஐந்து ஆண்டு கழித்து 1 கோடி 30 இலட்சத்துக்கு விற்கிறது. 65 வீதம்தான். மாமாவைக் கேட்டால் முதலாவதுதான் கெட்டிக்காரத்தனம் என்பார். ரூபாயில் பாருங்கள். முதலாவதில் போனது 80 இலட்சம், இரண்டாவதில் 70 இலட்சம். பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது அந்தப் பணம் வங்கியில் நிரந்தர வைப்பில் இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று பாருங்கள். ஆண்டுக்கு 8 வீதம் என்று வைத்துக்கொண்டால், 4 கோடிக்கு ஆண்டுக்கு 32 இலட்சம், ஐந்து ஆண்டில் 1 கோடி 60 இலட்சம். 2 கோடிக்கு அதில் பாதி, 80 இலட்சம். விலைக் குறைவையும் கைவிட்ட வட்டியையும் கூட்டினால் முதல் ஜீப்புக்கு 2 கோடி 40 இலட்சம், இரண்டாவதற்கு 1 கோடி 50 இலட்சம். அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4 இலட்சமும் மாதம் இரண்டரை இலட்சமும். வாசலில் சும்மா நிற்பதற்கே இந்தச் செலவு. ‘விலை நன்றாக நிற்கும்’ ஜீப் மாதம் ஒன்றரை இலட்சம் கூடுதலாக விழுங்குகிறது.

எரிபொருளையும் சேர்த்துப் பார்க்கலாம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறது, ஒன்று லீற்றருக்கு 7 கிலோமீற்றர் தருகிறது, மற்றது 10 தருகிறது. வித்தியாசம் 43 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று போட்டால் 13,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ‘கிலோமீற்றர் எவ்வளவு செய்கிறது’ என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு விற்பவரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம். மாதம் ஒன்றரை இலட்சம் போகும் வழியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மாமா இந்தக் கணக்கைத் தன் கல்குலேட்டரில் மறுபடி தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “அப்படியென்றால் 2020 இல் வாங்கியவர்கள் எல்லாம் இலாபத்துக்கு விற்றார்களே, அது எப்படி?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் ஜீப்புக்குள் இல்லை, துறைமுகத்தில் இருக்கிறது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் புதிதாக ஏறக்குறைய எதுவும் வரவில்லை; நாட்டுக்குள் இருந்தவையே கைமாறின. பொருள் குறைந்தால் விலை ஏறும். அது ஜீப்பின் குணம் அல்ல.

கூடவே ரூபாயும் விழுந்தது. 2020 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 182 ரூபாய். 2022 மே மாதத்தில் 360 ரூபாய். அந்தத் தொடக்கத்தில் 2 கோடிக்கு ஒருவர் ஜீப் வாங்கி, 2022 இல் மூன்றரைக் கோடிக்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். ரூபாயில் ஒன்றரைக் கோடி இலாபம். டொலரில் பார்த்தால், வாங்கியது சுமார் 1,10,000 டொலருக்கு. விற்றது சுமார் 97,000 டொலருக்கு. ஜீப் தேய்ந்துதான் இருக்கிறது; அளக்கும் கோல் அதைவிட வேகமாகச் சுருங்கியதால் வளர்ந்ததுபோலத் தெரிந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம் என்பதையும் இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அந்த இலாபத்தைக் கொண்டு அதே தரத்தில் இன்னொரு ஜீப்பை அவர் வாங்கியிருக்க முடியாது.

வரி இன்னொரு பெரிய சங்கதி. நம் நாட்டில் பெரிய ஜீப் ஒன்றின் விலையில் வாகனத்தின் சொந்த விலையைவிட அரசாங்கத்தின் பங்கு பெரிதாக இருப்பது வழமை. இறக்குமதித் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, சொகுசு வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு, ஒரு கன சென்ரிமீற்றருக்கு இவ்வளவு என்று அறவிடப்படுவதால், 4.5 லீற்றர் எஞ்சினுக்கும் 2.8 லீற்றர் எஞ்சினுக்கும் இடையில் வரியிலேயே மலையளவு வித்தியாசம் வந்துவிடுகிறது.

புதியவர்கள் இந்த இடத்தை நின்று கவனிக்க வேண்டும். ஜீப்பை விற்கும்போது நீங்கள் விற்பது இரும்பை மட்டுமல்ல. ஏற்கெனவே கட்டப்பட்ட வரியையும் சேர்த்து விற்கிறீர்கள். நாளை வரி ஏறினால், உங்கள் பழைய ஜீப்புக்குள் இருக்கும் பழைய வரிக்கும் மதிப்பு ஏறும். நாளை வரி இறங்கினால், நீங்கள் கட்டிய கூடுதல் வரியைத் திருப்பித் தர எவரும் வரமாட்டார்கள். காணிக்கும் ஜீப்புக்கும் உள்ள வேறுபாடு அதுதான். காணியின் பெறுமதியை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஒரே இரவில் குறைப்பது கடினம். ஜீப்பினுடையதைக் குறைக்கலாம்.

ஆகவே ‘இந்த மாடலின் மறுவிற்பனை நல்லது’ என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டுகளை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். 2020 இலிருந்து 2025 வரையான அனுபவம் என்றால் அதில் பாதி, மூடிய துறைமுகத்தின் பெருமை. மற்றப் பாதிதான் மாடலினுடையது.

அந்த மற்றப் பாதி

மாடலின் சொந்தப் பெருமை என்று ஒன்று நிச்சயமாக உண்டு. லேண்ட் குரூஸர் 300 தலைமுறை 2021 இல் வந்தபோது, ஜப்பானில் வாங்குபவர்களிடம் ஓராண்டுக்குள் விற்கமாட்டேன் என்று டொயோட்டா விற்பனையாளர்கள் எழுதி வாங்கினார்கள். வாங்கியவுடன் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து இலாபம் பார்ப்பவர்கள் அவ்வளவு பேர். உலகம் முழுவதும் வாங்க ஆள் காத்திருக்கும் பொருளுக்குக் கொழும்பிலும் விலை நிற்கத்தான் செய்யும்.

மொண்டெரோவின் கதை இதற்கு நேர்மாறானது, எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் செய்த ஜப்பானின் சகாஹோகித் தொழிற்சாலை 2021 இல் மூடப்பட்டுவிட்டது. உற்பத்தி நின்றுவிட்டால் விலை படுத்துவிடும் என்பதே பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் இங்கே அதற்கு இன்னும் ஆள் இருக்கிறது. ஏன் என்று அறிய வேண்டுமானால் பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும்.

மாமாவை ஒரு செவ்வாய்க்கிழமை காலை அங்கே அழைத்துப்போனேன். மருதானைப் பக்கமாக உள்ளே நுழைந்ததுமே எஞ்சின் எண்ணெயின் வாடை. கடை வாசல்களில் கதவுகள், பம்பர்கள், முகப்பு விளக்குகள் கண் கண்ணாகத் தொங்குகின்றன. நாங்கள் யோசித்து வைத்திருந்த மூன்று மாடல்களுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: முன் வலப்பக்க விளக்கு, முன் பம்பர், பக்கக் கண்ணாடி. பிராடோவுக்கும் மொண்டெரோவுக்கும் கடைக்காரர் தலையை உயர்த்தாமலே ‘புதியதா, கழற்றியதா’ என்று கேட்டார். ஜப்பானில் உடைத்த வாகனத்தில் கழற்றியதை அவர் அங்கேயே கையில் எடுத்துக் காட்டினார். மூன்றாவதாக நாங்கள் கேட்டது ஓர் ஐரோப்பியத் தயாரிப்பு. அவர் தொலைபேசியை எடுத்து இரண்டு பேருக்குப் பேசிவிட்டு, “சொல்லி எடுப்பிக்க வேண்டும் ஐயா” என்றார்.

மறுவிற்பனைப் பெறுமதி என்பதன் வேர் அந்த ‘சொல்லி எடுப்பிக்க வேண்டும்’ என்பதில் இருக்கிறது. பழைய ஜீப்பை வாங்குபவர் எஞ்சினின் சக்தியை வாங்குவதில்லை. நாளை பழுதானால் யார் திருத்துவார், பாகம் எங்கே கிடைக்கும், எத்தனை நாள் கராஜில் நிற்கும் என்ற அச்சம் இல்லாமல் இருப்பதைத்தான் வாங்குகிறார். என் உறவினர் ஒருவர் மிக அழகான ஓர் ஐரோப்பிய ஜீப்பை வைத்திருந்தார். வாகனத்தைக் காற்றுப் பைகளில் தாங்கும் அதன் எயார் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் இறங்கி, பாகத்துக்காக ஏழு வாரம் கராஜில் நின்றது. ஓட்டிய நாட்களில் அதைப்போலச் சுகமான வாகனம் வேறில்லை என்று இன்றும் சொல்கிறார். ஆனால் விற்கப் போனபோது ஒவ்வொருவரும் முதலில் குனிந்து பார்த்தது சில்லுக்கு மேலே உள்ள இடைவெளியைத்தான்.

வசதிகளில் எடை உள்ளவை, எடை இல்லாதவை

வசதிப் பட்டியலைப் பார்த்து மயங்குவது இயல்பு. ஆனால் அதே பட்டியலை இரண்டாவது உரிமையாளரின் கண்ணால் ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவது வரிசை இருக்கையை எடுத்துக்கொள்வோம். மாமாவின் குடும்பத்தில் ஆறு பேர். ஆண்டுக்கு இரண்டு தடவை யாழ்ப்பாணம், ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஏழு இருக்கை என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைத்திருந்தார். விற்பனைக்கு நின்ற ஒரு பிராடோவின் பின்வரிசையில் அவரைப் பத்து நிமிடம் உட்காரச் சொன்னேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. தரைக்கும் இருக்கைக்கும் இடையில் உயரம் போதவில்லை. நடுவரிசையில் இருந்த மாமி இறங்கி இருக்கையை மடித்தால்தான் இவர் வெளியே வர முடியும். ஏணிச் சட்டம் உள்ள வாகனங்களில் தரை உயர்ந்துவிடுவதால் வரும் குறை அது. 300 க்கு முந்தைய தலைமுறையான லேண்ட் குரூஸர் 200 இல் பின் இருக்கைகளை மடித்தால் இருபுறமும் சுவரோடு தொங்கும், பயணப் பெட்டிக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 300 இல் அவை தரையோடு படிந்துவிடும். கடைசியில், பின்வரிசை பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று மாமாவே முடிவுக்கு வந்தார். இருந்தாலும் இரண்டாவது உரிமையாளர்கள் ஏழு இருக்கையைத் தேடுகிறார்கள். இது தங்கம்.

நான்கு சில்லுக்கும் இழுவை, அதோடு மெதுவாக ஏறி இறங்கப் பயன்படும் லோ கியர். வெள்ளவத்தையில் வாழ்க்கை முழுவதும் அது தேவைப்படாமல் போகலாம். ஆனால் தோட்டம் வைத்திருப்பவர், வன்னியில் காணி பார்ப்பவர், மலைநாட்டில் ஒப்பந்த வேலை செய்பவர் ஆகியோர்தான் உங்கள் ஜீப்பை நாளை வாங்கப்போகிறவர்கள். இதுவும் தங்கம்.

எஞ்சினைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பெரிய ஜீப் என்றால் டீசல்தான் என்ற எண்ணம் இங்கே வேரோடிப்போனது. புதிய டீசல் எஞ்சின்களில் புகையோடு வரும் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 பாகை வெப்பம் தேவை. வாகனம் ஓரளவு வேகத்தில், நிற்காமல் ஓடினால்தான் அந்த வெப்பம் வரும். காலையில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஊர்ந்து போய், மாலையில் ஊர்ந்து திரும்பும் ஜீப்புக்கு அது வாய்ப்பதில்லை. கரி அடைக்கும், விளக்கு எரியும், இழுவை குறையும். கந்தகம் குறைந்த சுப்பர் டீசலை அடிப்பதும், வாரம் ஒரு முறை தெற்கு அதிவேகப் பாதையில் அரை மணி ஓட்டுவதும் இதற்குச் சொல்லப்படும் மருந்துகள். ஜப்பான் சந்தைக்கென்று செய்த 2.8 லீற்றர் பிராடோவில் புகையைச் சுத்தம் செய்வதற்கான யூரியாக் கரைசலும் தனியாக ஊற்ற வேண்டும்.

இந்த ஒரு பாகம் விலையில் எவ்வளவு பேசும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கே இருக்கிறது. பிராடோ உட்பட டொயோட்டாவின் சில டீசல் வாகனங்களில் டிபிஎஃப் சரியாக வேலை செய்யவில்லை என்று உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்தார்கள். 2022 இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் குறையால் வாகனத்தின் பெறுமதி 17.5 வீதம் குறைந்ததாகக் கணித்தது. மேன்முறையீட்டில் அது 10 வீதமாகக் குறைக்கப்பட்டது, வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது. எண் எதுவாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வடிகட்டிக்காகப் பத்தில் ஒரு பங்கு போகலாம் என்பது நமக்குப் பாடம். சில கராஜ்களில் டிபிஎஃபைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த ஜீப்பை நான் வாங்கமாட்டேன். புகை நம் பிள்ளைகளின் மூக்குக்குத்தான் வருகிறது.

எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வீ8 எஞ்சின் மீது ஆசை உள்ளவர்களுக்கு 2022 ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். நகரத்தில் லீற்றருக்கு 7 கிலோமீற்றர் என்றால் 140 கிலோமீற்றர். யாழ்ப்பாணப் பாதையில் பாதித் தூரம்கூடப் போகாது.

இனி கற்கள். கூரைக் கண்ணாடி, தோல் இருக்கை, பெரிய திரை, நிறம் மாறும் உள்விளக்கு. வாங்கும்போது இவை ஒவ்வொன்றும் பணம். விற்கும்போது பெரும்பாலும் பேச்சுக்கு மட்டும் உதவும். கூரைக் கண்ணாடியின் நீர் வடியும் குழாய் அடைத்தால் பருவமழையில் இருக்கை நனையும். ஜப்பானில் ஓடி இங்கே வரும் ரீகண்டிஷன் வாகனத்தின் திரை ஜப்பானிய மொழியில் பேசும். அதிலுள்ள வரைபடம் டோக்கியோவைக் காட்டும். அங்கே பண்பலை வானொலி 76 இலிருந்து 95 வரைதான். நம் நிலையங்கள் 88 இலிருந்து 108 வரை பரந்து கிடப்பதால், தனிக் கருவி பொருத்தாமல் பலவற்றைக் கேட்க முடியாது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஜீப்பில் தமிழ் வானொலியைத் தேடித் தேடிக் களைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

அளவு பற்றி ஒரு வரி. முந்தைய தலைமுறையான 150 பிராடோவின் அகலம் 1.885 மீற்றர். 2023 இல் அறிமுகமான 250 பிராடோ 1.98 மீற்றர். இந்த ஒன்பதரை சென்ரிமீற்றர் விளம்பரத்தில் பெருமை; வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் அடுக்குமாடியின் நிலவறைத் தரிப்பிடத்திலும் தலைவலி. உங்கள் தரிப்பிடத்தை நாடாவால் அளந்த பிறகே மாடலைத் தேர்ந்தெடுங்கள். தூக்கி இயந்திரத்தில் நிறுத்தும் கட்டடம் என்றால் உயரத்துக்கும் எடைக்கும் உள்ள வரம்பையும் கேளுங்கள்.

கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

மேலே சொன்னதெல்லாம் மாடலைப் பற்றியது. நீங்கள் வாங்கப்போவது மாடலை அல்ல, உங்கள் முன் நிற்கும் அந்த ஒரு வாகனத்தை.

களனி கங்கை 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் புயலின்போதும் பெருக்கெடுத்துக் கொழும்பின் புறநகர்களை மூழ்கடித்தது. வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருவர் கற்றுத்தந்த வழி மிக எளியது. இருக்கைப் பட்டியைப் பிடித்து, இனி வராது என்னும் வரை முழுவதுமாக வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. அதில் மங்கிய பழுப்புக் கோடு இருந்தால், தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. பிறகு விரிப்பைத் தூக்கி, இருக்கை ஓடும் தண்டவாளத்தின் திருகாணிகளைப் பாருங்கள். இரண்டாவதாகப் பார்த்த ஜீப்பில் மாமா பட்டியை இழுத்தபோது, பட்டியோடு சேர்ந்து மெல்லிய மணல் அவர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் எதுவும் பேசாமல் பட்டியை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ரீகண்டிஷன் என்றால், ஜப்பானில் ஏலத்துக்கு விடும்போது வாகனத்தைப் பரிசோதித்து எழுதும் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் தரப் புள்ளி இருக்கும். ஐந்தும் நாலரையும் நல்லவை. ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்துக்குப் பின் திருத்தியது. தாளில் உள்ள கிலோமீற்றருக்கும் டாஷ்போர்டில் உள்ளதற்கும் காலம் ஒத்துப்போக வேண்டும். ஏஜென்ட் ஊடாகப் புதிதாக வந்தது என்றால் அவர்களின் சேர்விஸ் பதிவைக் கேளுங்கள். பதிவு முழுமையாக உள்ள வாகனத்துக்குச் சற்றுக் கூடக் கொடுத்தாலும் அந்தப் பணம் விற்கும் நாளில் திரும்பி வரும்.

புத்தகத்தில், அதாவது பதிவுச் சான்றிதழில், உற்பத்தி ஆண்டு வேறு, பதிவு ஆண்டு வேறு. இலக்கத் தகட்டின் எழுத்துகள் பதிவைத்தான் சொல்லும். லீசிங் நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீங்கும் வரை வாகனம் விற்பவருடையது அல்ல. கையொப்பம் மட்டும் இட்டு, வாங்குபவரின் பெயர் எழுதாமல் கைகைமாறி வரும் ‘ஓபன் பேப்பர்’ வாகனத்தைத் தொடாதீர்கள். விலை மலிவாக இருக்கும். இடையில் எத்தனை பேர் கையில் இருந்தது, என்ன குற்றத்தில் சிக்கியது என்று புத்தகம் சொல்லாது.

மாமா கடைசியில் எடுத்தது 2.8 டீசல் எஞ்சினுடன் கூடிய ஒரு 150 பிராடோ, வெள்ளை நிறம். விற்றவர் கூரைக் கண்ணாடிக்கும் தோல் இருக்கைக்கும் சேர்த்துத்தான் விலை சொன்னார். “கல்லின் எடையைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள் தம்பி” என்றார் மாமா. அந்த இளைஞருக்கு விளங்கவில்லை. மாமா விளக்கிச் சொன்ன பிறகு நாலு இலட்சம் குறைத்தார். நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த அன்று மாலை, கடையில் தன் நீல அட்டைக் கொப்பியைத் திறந்து திகதி, கொடுத்த விலை, கிலோமீற்றர், அன்றைய டொலர் விலை ஆகிய நான்கையும் எழுதினார். கீழே, யாரும் கேட்காமலே, அன்றைய பவுண் விலையையும் எழுதிக்கொண்டார்.